வெருளியின் கழுத்தளவு தண்ணீர்

மழை விட்ட அன்று காலையில் மாமா போன் எடுத்தார்.

“மனே, தண்ணி இன்னும் நிக்குது. கமராவ எடுத்துக்கிட்டு வா. ரெண்டு நாளைக்குள்ள வடிஞ்சிரும், மறுகா வந்து பிரயோசனமில்ல.”

அது 2024 நவம்பர் 30, சனிக்கிழமை. பிறகு பெங்கல் என்று பெயர் வைக்கப்பட்ட தாழமுக்கம் அந்த வாரம் எங்கள் மட்டக்களப்புக் கரையை ஒட்டியே வடக்கு நோக்கி ஊர்ந்து போனது. ஊர்ந்து என்றுதான் சொல்ல வேண்டும். மாரி என்றால் எங்களுக்குப் புதிதில்லை, வாடைக்காற்றும் புதிதில்லை. ஆனால் இந்த மழை இராப்பகலாக ஒரே சீராக, மூச்சு விடாமல் கொட்டியது. கிரான் – புலிபாய்ந்தகல் வீதி மூடுண்டது. வெல்லாவெளிப் பக்கம் வீதியும் வயலும் ஒன்றாகிவிட்டன. உயர்தரப் பரீட்சையை இடையில் நிறுத்தினார்கள். காரைதீவு மாவடிப்பள்ளியில் மதரஸாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடிபட்டுப் போன செய்தி வந்த இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த நாட்களில் நான் கமராப் பையைத் திறக்கவே இல்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2011 ஜனவரி வெள்ளத்தின்போது, ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் நனைந்த நெல்லைப் பரப்பிக்கொண்டிருந்த ஒரு அம்மாவைப் படம் பிடித்தேன். சன்னல் வெளிச்சம் அவர் கையில் விழுந்திருந்தது, அதைத்தான் நான் பார்த்தேன். அவர் தலை நிமிர்ந்து, “தம்பி, எங்கட இந்தக் கோலத்தையும் பிடிக்கிறயா?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. படத்தை அழித்துவிட்டு, பக்கத்தில் இருந்து அவரோடு சேர்ந்து நெல்லைக் கிளறினேன். அன்றிலிருந்து மழை பெய்யும் நாளும், அடுத்து வரும் இரண்டு நாளும் எனக்குக் கமரா கிடையாது. சமைத்த சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது, சாமான் தூக்குவது, அவ்வளவுதான். அதற்குள் யாராவது ஒருவர் “வா” என்று கூப்பிட்டால் மட்டும்தான் படம்.

அன்று மாமா கூப்பிட்டார்.

நான் எழுவான்கரை, களுவாஞ்சிகுடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடு, சாமத்திய வீடு, அடையாள அட்டைப் படம், இதுதான் பிழைப்பு. மாமா வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை. ஊருக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: சூரியன் எழும் பக்கக் கரை எழுவான்கரை, படும் பக்கக் கரை படுவான்கரை. வெளிச்சத்தை வைத்தே இடத்துக்குப் பெயர் வைத்த ஊரில் பிறந்ததைப் படம் எடுக்கிறவன் என்ற முறையில் பெரிய கொடுப்பினையாக நினைக்கிறேன்.

வெள்ளத்துக்குள் போவதற்கு முன்னால் பனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வெள்ளத்தை எப்படி எடுப்பது என்பதை எனக்குச் சொல்லித் தந்ததே என் அக்கா அனுப்பிய பனிப் படங்கள்தான்.

அக்கா கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். 2022 ஜனவரி 17ஆம் திகதி ரொறன்ரோவில் ஒரே நாளில் அரை மீற்றர் அளவுக்கு ஸ்நோ கொட்டியது. பெரிய நெடுஞ்சாலைகளையே மூடினார்கள். அங்கே இத்தனை வருடம் இருந்தும் இப்படி ஒரு நாளைக் கண்டதில்லை என்றார். மறுநாள் வெயில் எறித்ததும் வளவுக்குள் இறங்கி நாற்பது, ஐம்பது படம் எடுத்து அனுப்பினார். எல்லாப் படத்திலும் பனி பழைய வேட்டி போல மங்கிக் கிடந்தது.

“தம்பி, கண்ணால பார்க்கக்குள்ள கண் கூசுது. படத்தில சாம்பலாக் கிடக்கு. கமரா பழுதோ?”

கமரா பழுதில்லை. கமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு முன்னால் நிற்பது வெள்ளையா கறுப்பா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை ஒரு நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு வெளிச்சத்தை அளக்கும். புதிதாக விழுந்த பனி, தன்மேல் படும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எண்பது தொண்ணூறு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். கமரா அதைப் பார்த்து வெளிச்சம் மிதமிஞ்சிவிட்டது என்று குறைத்துவிடும், வெள்ளை சாம்பலாகிவிடும். பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளையை வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி எடுத்த காலத்தில் நானும் இதில் அடிபட்டவன். “திரையில தொட்டு, சூரியன் மாதிரி வாற குறியை மேல இழுங்க அக்கா” என்றேன். கமராவில் என்றால் ஒரு ஸ்டொப்பில் இருந்து இரண்டு வரை கூட்ட வேண்டும். ஒரு ஸ்டொப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, குறைத்தால் பாதி.

அடுத்ததாக வந்த படங்கள் பளிச்சென்று இருந்தன. பனிமேல் மரங்களின் நிழல் மட்டும் நீலமாக விழுந்திருந்தது. அதையும் பிழை என்று நினைத்து அக்கா திருத்தப் பார்த்தார். வேண்டாம் என்றேன். நேர் வெயில் படாத இடத்துக்கு வெளிச்சம் கொடுப்பது நீல வானம்தான். பனிக்குத் தனக்கென்று நிறம் இல்லாததால் அந்த நீலத்தை அப்படியே காட்டுகிறது. அதைக் கழுவிவிட்டால் குளிர் போய்விடும்.

ஆனால் அத்தனை படங்களிலும் என் மனதில் நின்றது ஒன்றே ஒன்றுதான். பின்வளவில் பிள்ளைகளின் ஊஞ்சல். பலகையைக் காணவில்லை. இரண்டு சங்கிலிகள் மேலிருந்து நேரே இறங்கி, பனிக்குள் புகுந்து, அப்படியே காணாமல் போயிருந்தன. அந்தப் படத்தைப் பார்த்தவுடன் நான் என்னை அறியாமல் முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். ஊஞ்சல் பலகை அந்த உயரத்தில்தானே இருக்கும்! பனி பூத்த மரங்கள், மினுங்கும் கிளைகள் என்று எத்தனையோ அழகான படம் இருந்தும், எவ்வளவு விழுந்தது என்பதை என் உடம்புக்குச் சொன்னது அந்தச் சங்கிலிகள்தான். வழமைக்கு மிஞ்சி ஒன்று விழுந்திருக்கிறது என்றால், அந்த மிச்சத்தைப் படம் சொல்ல வேண்டும். அழகு அதற்குப் பிறகு தானாக வரும். எனக்கு அதில் இரண்டாவது கருத்து கிடையாது.

சரி, வெள்ளத்துக்கு வருகிறேன்.

பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டும்போதே வாவியின் நிறம் மாறியிருந்தது. வழக்கமாகப் பச்சை கலந்து கிடக்கும் தண்ணீர், அன்று பால் குறைந்த தேத்தண்ணி போல ஓடியது. ஆற்றுவாழை பாய் பாயாக மிதந்து வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பாயிலும் இரண்டு மூன்று கொக்கு சவாரி செய்தன. பெரியபோரதீவில் காளி கோயில் பக்கம் தெரிந்தவர் வீட்டில் சைக்கிளை விட்டேன். மோட்டார் சைக்கிளைத்தான் சொல்கிறேன், எங்கள் ஊரில் அதுவும் சைக்கிள்தான். மாமா தோணியோடு வந்து நின்றார்.

ஏறும்போதே சொன்னார்: “கையத் தண்ணிக்குள்ள விடாத மனே. ஆத்தில கிடந்த முதலை எல்லாம் இப்ப வயலுக்குள்ள.”

வயலுக்கு மேலால் தோணியில் போவது என்பது சொல்லிப் புரிய வைக்க முடியாத ஒன்று. கீழே பார்த்தால் நாற்பது நாள் பயிர், நீரோட்டத்தோடு ஒரே பக்கமாகச் சாய்ந்து, தலைமுடி போல அசைந்துகொண்டிருந்தது. அதன் மேலால் நாங்கள். மாமா கம்பை ஊன்றும் ஒவ்வொரு தடவையும் சேறு கிளம்பி மேலே வந்தது. அவர் அதிகம் பேசவில்லை. அவருடைய இரண்டு ஏக்கரும் அந்தத் தண்ணீருக்குக் கீழேதான் இருந்தது.

கொஞ்சத் தூரத்தில் வெண்கொக்குகள், சின்னக் கொக்குகள். கறுப்பு அலகு, கறுப்புக் கால், விரல்கள் மட்டும் மஞ்சள். நூறுக்குக் குறையாது. நடுத் தண்ணீரில், ஒழுங்காக ஒரே கோட்டில் நின்றன. கோடு ஓரிடத்தில் செங்குத்தாகத் திரும்பி இன்னொரு பக்கம் போனது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமா கம்பை நிறுத்திவிட்டுக் காட்டினார்.

“அந்தா, அதுதான் வரம்பு. அது திரும்புற இடம் நம்மட எல்லை.”

அப்போதுதான் பார்க்கத் தெரிந்தது. எங்கும் ஆழம், வரம்பின் மேல் மட்டும் கணுக்கால் தண்ணீர். கொக்கால் நிற்க முடிந்த இடம் அதுவே. முழு வட்டையின், அதாவது அந்த வயல்வெளியின், வரைபடத்தையும் பறவைகள் தண்ணீர்மேல் எழுதி வைத்திருந்தன. நான் இருபது வருடமாகக் கொக்கைப் படம் எடுக்கிறேன். கொக்கு நிற்கும் இடத்தை ஒரு கமக்காரன் எப்படிப் பார்ப்பான் என்று அன்றுதான் கண்டேன்.

அங்கே முதல் பத்துப் படமும் பிழைத்தது. திரையில் பெருப்பித்துப் பார்த்தால் கொக்கின் முதுகில் இறகே இல்லை, சுண்ணாம்பு அப்பியது போல ஒரு வெள்ளைத் திட்டு மட்டும். காரணம் பனியின் நேர்மாறு. அக்காவின் படத்தில் சட்டம் முழுக்க வெள்ளை. என் படத்தில் சட்டம் முழுக்கக் கருமண் தண்ணீர், நடுவில் சின்னதாக ஒரு வெள்ளை. கமரா தண்ணீரின் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது, கொக்கு எரிந்து போகிறது. ஆகவே, அக்கா கூட்டிய இடத்தில் நான் கழிக்க வேண்டும். ஒரு ஸ்டொப் குறைத்தேன். போதவில்லை, இன்னும் அரை குறைத்தேன். இறகுகள் ஒவ்வொன்றாக வந்தன. தண்ணீர் இன்னும் கறுத்தது, அதுவும் நல்லதுக்குத்தான். தோணி ஆடும் என்பதால் ஷட்டர் வேகத்தை ஒரு செக்கனில் ஆயிரத்து அறுநூறில் ஒரு பங்குக்குக் கீழே இறக்கவில்லை. வானம் மூடிக் கிடந்ததால் ஐஎஸ்ஓவை, அதாவது கமராவின் ஒளி உணர்திறனை, 800 வரை ஏற்ற வேண்டி வந்தது. மூடிய வானத்தைப் பற்றிப் பலர் குறை சொல்வார்கள். வெள்ளைப் பறவைக்கு அதைவிட நல்ல விளக்கு இல்லை.

நத்தைகுத்தி நாரைகளும் வந்திருந்தன. அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியுமே, அதுதான். வயல்களில் நத்தை மலிந்த நாட்கள் அவற்றுக்கு விருந்து. அதிகம் எடுக்கவில்லை. என் 70-200 லென்ஸுக்கு அவை தூரம், கிட்டப் போனால் எழும்பிவிடும். வெள்ளத்தில் களைத்து ஒதுங்கி நிற்கும் பறவையைப் படத்துக்காக எழுப்பக் கூடாது என்பது என் பிடிவாதம்.

பிறகு எறும்புகள். ஒரு பனைமட்டைத் துண்டு மிதந்து வருகிறது என்று நினைத்தேன். துருப்பிடித்த நிறத்தில், உள்ளங்கை அகலத்தில், ஓரங்கள் மட்டும் நெளிந்தன. செவ்வெறும்பு. ஆயிரக்கணக்கில் ஒன்றின் காலை ஒன்று பற்றி, தங்கள் உடம்பையே தெப்பமாகப் பின்னியிருந்தன. தாலியும் மோதிரமும் எடுப்பதற்கென்று வைத்திருக்கும் 100 மில்லிமீற்றர் மக்ரோ லென்ஸை மாட்டினேன். கண்ணாடிக்குள்ளால் பார்த்தபோது தெப்பத்தின் நடுவில் அரிசிக் குறுணல் போல வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. முட்டைகளும் குடம்பிகளும். அவற்றை நடுவில் வைத்து, மற்றவை சுற்றி நின்று தாங்குகின்றன. ஒரு எறும்பு ஓரத்தில் இருந்து நழுவியது, பக்கத்து எறும்பின் பின்னங்கால் நீண்டு அதைப் பிடித்தது. அது படமாக வரவில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். மாமா தோணியை மெல்லத் தள்ளி, தெப்பம் ஒரு நாணல் பற்றையில் போய் முட்டும் வரை விலகி நின்றார். முட்டியதும் அவை தண்டில் ஏறத் தொடங்கின.

வெருளியைக் கண்டது திரும்பி வரும்போது.

விதைப்புக் காலத்தில் புறாவுக்கும் கிளிக்கும் பயங்காட்ட யாரோ நட்டது. ஆளுயரம். கரிச்சட்டித் தலை, சுண்ணாம்பில் கண், நீளக் கைச் சேட்டு. தண்ணீர் சரியாகக் கழுத்தில் நின்றது. சேட்டின் இரண்டு கைகளும் கம்பில் இருந்து கழன்று, தண்ணீரில் விரிந்து மிதந்தன. தலையில் ஒரு நீர்க்காகம் சிறகை அகல விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. நீர்க்காகத்தின் இறகு தண்ணீரை உறிஞ்சும். அதனால்தான் ஆழத்துக்கு முக்குளிக்க முடிகிறது, அதனால்தான் வெளியே வந்து இப்படிக் காய வேண்டியும் இருக்கிறது. மேலே கறுப்புச் சிறகு இரண்டு, கீழே மிதக்கும் நீலக் கைகள் இரண்டு. பின்னால் தூரத்தில் வாடியின் தகரக் கூரை மட்டும்.

இங்கே கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. கறுப்பும் வெளிறிய நீலமும் மண்நிறமும், கமரா நினைக்கும் நடுத்தரத்துக்குக் கிட்டத்தட்டச் சரியாக வந்தன. மாமாவிடம் தோணியைத் திருப்பச் சொன்னேன். வெருளியின் கண் மட்டத்துக்குக் குனிந்து, ஏறக்குறையத் தோணிக்குள் படுத்து எடுத்தேன். மேலிருந்து எடுத்திருந்தால் அது ஒரு சட்டியும் ஒரு துணியுமாகத்தான் இருந்திருக்கும். கண் மட்டத்தில் அது தண்ணீருக்குள் நிற்கும் ஒரு ஆள். அக்காவின் ஊஞ்சல் சங்கிலிதான் எனக்கு அந்த நேரம் ஞாபகம் வந்தது. பார்க்கிறவன் தன் கழுத்தைத் தொட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்கிற முதல் வேலை, கமராவைக் குளிரூட்டிய அறைக்குள் கொண்டு போகாமல் இருப்பது. அக்காவுக்கு அங்கே பிரச்சினை மறுபக்கமாக வரும். வெளியே உறைந்த கமராவைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும். வெளியில் நிற்கும்போதே காற்றுப் புகாத பையில் போட்டுக் கட்டி, உள்ளே வந்து இரண்டு மணித்தியாலம் திறக்காமல் வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பட்டரியும் குளிரில் சீக்கிரம் சோரும், ஒன்றை உடம்போடு ஒட்டிய பைக்குள் வைத்திருக்க வேண்டும். எங்களுக்கு இங்கே, ஏசி அறையில் குளிர்ந்த லென்ஸை மாரிக் காற்றுக்குள் எடுத்தால் அதே வேர்வை. அதைவிடப் பெரிய எதிரி பூஞ்சணம். மழைக்காலத்தில் ஒரு மாதம் பையிலேயே கிடந்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை போலப் படர்ந்துவிடும். அப்படி ஒரு 50 மில்லிமீற்றர் லென்ஸை இழந்திருக்கிறேன். இப்போது பழைய ஸ்டூடியோக்காரர்கள் செய்தது போல ஒரு மர அலுமாரிக்குள் சின்ன பல்ப் ஒன்றை எரியவிட்டு, சிலிக்கா ஜெல் பைக்கற்றுகளோடு வைக்கிறேன். அரிசிக்குள் புதைக்கச் சொல்வார்கள். வேண்டாம், தவிட்டுத் தூசி உள்ளே போகும்.

திங்கட்கிழமை பாலமீன்மட்டுப் பக்கம் போனேன். முகத்துவாரத்தால் வாவித் தண்ணீர் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. மண்நிறமும் நீலமும் சந்திக்கும் இடத்தில் ஒரு வெள்ளை நுரைக்கோடு, அதன் மேல் ஆலாக்கள். வெளிச்சவீட்டையும் சேர்த்து இரண்டு படம் எடுத்தேன். நல்ல படங்கள்தான், ஆனால் அவற்றில் எனக்குச் சொல்வதற்கு எதுவும் இல்லை.

மாமா சொன்னது சரி. அடுத்த முறை போனபோது வரம்புகள் வெளியே வந்துவிட்டன, கொக்குகள் கோட்டை விட்டு வயலெங்கும் சிதறிவிட்டன. பயிர் அழுகிய மணம். மருத மரங்களின் அடியில், தண்ணீர் நின்ற உயரத்தில் மண்கோடு ஒன்று மட்டும்.

வெருளிப் படத்தை ஸ்டூடியோக் கண்ணாடியில் ஒட்டியிருந்தேன். மார்கழி நடுவில் ஒருவர் வந்து நின்று கனநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார்.

“தம்பி, இது என்ட வயல். ஒரு கொப்பி அடிச்சுத் தாறயா? நட்டஈட்டுப் படிவத்தோட வைக்கணும். தண்ணி எவ்வளவு நிண்ட எண்டு வாயால சொன்னா ஆர் நம்புவாங்க?”

பெரிதாக ஒன்று அடித்து, பின்பக்கம் திகதியும் நேரமும் எழுதிக் கொடுத்தேன். காசு எடுக்கவில்லை. வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். விரலால் அந்த நீலச் சேட்டைத் தொட்டார்.

“இது மகன்ட சேட்டு. கட்டாருக்குப் போகக்குள்ள விட்டுட்டுப் போனது. இன்னொண்டு அடி தம்பி, அவனுக்கு அனுப்ப.”